மெதுவாகச் சுருளும் சீட் பெல்ட்: எண்ணெய் ஸ்பிரேயை எடுக்கும் முன்

பழைய காரில் சீட் பெல்ட்டை அவிழ்த்தால் சட்டென்று உள்ளே போகாது. தோளோரம் தொங்கும், கதவைச் சாத்தும்போது கொக்கி இடுக்கில் மாட்டி நசுங்கும். புதிதாக வேலை பழகுகிறவர்கள் உடனே சொல்வது, 'ஸ்பிரிங் போயிடுச்சு.' பெரும்பாலும் ஸ்பிரிங்குக்கு ஒன்றும் ஆகியிருக்காது. பெல்ட்டைச் சுருட்டும் ரிட்ராக்டரின் ஸ்பிரிங்கை வேண்டுமென்றேதான் மென்மையாக வைத்திருக்கிறார்கள்; இல்லையென்றால் பயணம் முழுக்க நெஞ்சை அழுத்திக்கொண்டே இருக்கும். அந்த மெல்லிய இழுப்பைத் தடுக்கக் கொஞ்சம் அழுக்கே போதும். இதைச் சரிசெய்யப் போய் வழக்கமாகச் செய்யும் தவறுகள்தான் கீழே தலைப்புகளாக.

சோதிக்காமல் கழற்றுவது

பெல்ட்டைப் பாதிவரை இழுத்துக்கொண்டு, தோளுக்கு மேலே தூணில் இருக்கும் வளையத்தைப் பாருங்கள். பட்டையைக் கையாலேயே அந்த வளையத்தின் வழியே கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டுங்கள். ஊட்டிய அளவை ரிட்ராக்டர் உடனுக்குடன் இழுத்துக்கொண்டால் அதன்மேல் குற்றமில்லை. உரசல் வளையத்தில் இருக்கிறது. ஊட்டியும் கீழே தொய்ந்தே நின்றால்தான் ரிட்ராக்டர் பக்கம் போக வேண்டும். அப்போதும் முதலில் பார்க்க வேண்டியது பட்டை எங்காவது முறுக்கியிருக்கிறதா, தூணை மூடும் பிளாஸ்டிக் உறை நகர்ந்து பட்டையை உரசுகிறதா என்பதைத்தான்.

ரிட்ராக்டருக்குள் எண்ணெய் அடிப்பது

இதைப் பற்றி எத்தனை முறை சொன்னாலும் ஸ்பிரே டப்பாவோடு யாராவது வந்துவிடுகிறார்கள். எரிச்சல் என்னவென்றால், அடித்த உடனே இது வேலை செய்வதுபோலத் தெரியும். பெல்ட் விர்ரென்று உள்ளே போகும். அதனால்தான் இந்த யோசனை ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் பரவிக்கொண்டே இருக்கிறது.

உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்தால் கை போகாது. நடுவில் பட்டை சுற்றிய உருளை. ஒரு பக்கம், மூடிக்குள் தட்டையான சுருள் ஸ்பிரிங். அதற்கு எண்ணெய் தேவையே இல்லை. இன்னொரு பக்கம்தான் உயிரைக் காப்பாற்றும் பகுதி. பல ரிட்ராக்டர்களில் ஒரு சிறு குழிவில் எஃகுக் குண்டு உட்கார்ந்திருக்கும். கார் திடீரென்று வேகம் குறைந்தாலோ சாய்ந்தாலோ குண்டு நகர்ந்து ஒரு மெல்லிய நெம்பை மேலே தூக்கும், நெம்பின் முனை பல்சக்கரத்தில் விழும், உருளை பூட்டிக்கொள்ளும். பட்டையை வெடுக்கென்று இழுத்தால் பூட்டுவதற்குத் தனி அமைப்பு உண்டு. எல்லாமே எடை குறைந்த, உலர்ந்த நிலையில் தடையின்றி அசைய வேண்டிய பாகங்கள்.

அங்கே எண்ணெய் போனால் தூசி சேர்ந்து பசையாகும். நெம்பு மேலேயே ஒட்டிக்கொண்டால் பெல்ட் வெளியே வராது. அது நல்லது, ஏனென்றால் கோளாறு கண்ணுக்குத் தெரிந்துவிடும். குண்டு குழிவிலேயே ஒட்டிக்கொண்டால்தான் ஆபத்து. பெல்ட் அழகாக வரும், அழகாகப் போகும். பிரேக் அடிக்கும்போது குண்டு நகர வேண்டிய நேரத்தில் நகராது. வெளியிலிருந்து பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது.

அதோடு முடிவதில்லை. சுற்றிய பட்டை எண்ணெயை அடுக்கு அடுக்காக உறிஞ்சும். எண்ணெய்ப் பட்டை தூசியை இழுக்கும், வளையத்தில் பூசும், சட்டையில் கறை போடும். கொஞ்ச நாளில் முன்பைவிட மெதுவாகச் சுருளும். உடனே மறுபடி ஸ்பிரே! உள்ளே போன எண்ணெயைக் கழுவி எடுக்க நம்பகமான வழி கிடையாது. பிரேக் கிளீனர் அடித்தால் பிளாஸ்டிக் பாகங்கள் கெடும். சோப்புத் தண்ணீரோடு முடிய வேண்டிய வேலை, பெல்ட்டை ரிட்ராக்டரோடு முழுசாக மாற்றுவதில் போய் நிற்கும்.

'சிலிக்கான் ஸ்பிரே உலர்ந்ததுதானே?' உள்ளே அடிக்க அதுவும் கூடாது.

கழுவுவதில் அவசரம்

பெல்ட்டைக் கடைசிவரை இழுத்து, தூணுக்குள் நுழையும் இடத்தில் துணி சுற்றி ஒரு கிளிப் போடுங்கள். வெதுவெதுப்பான நீரில் மிதமான சோப்பு, மென்மையான பிரஷ், நீளவாக்கில் மட்டும் தேய்ப்பு. நீர் ரிட்ராக்டருக்குள் வழியக் கூடாது. பிரஷை உதறிவிட்டுத் தேயுங்கள். பிறகு ஈரத்துணியால் சோப்பு முழுதும் போகும்வரை துடைக்க வேண்டும். மிச்சமிருக்கும் சோப்பும் பிசுபிசுக்கும். பிளீச், சாயம், பெட்ரோல், தின்னர் எதுவும் வேண்டாம். இழைகளின் வலு குறையும்.

வளையத்தை மறப்பவர்கள்தான் அதிகம். பட்டை உட்காரும் உள்வளைவில் கறுப்பாகப் படிந்திருப்பது வியர்வையும் தூசியும் சேர்ந்த மெழுக்கு. ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணிக்கீற்றை வளையத்துக்குள் விட்டு இரு முனையையும் பிடித்து மாறி மாறி இழுங்கள். துணி வெள்ளையாக வரும்வரை விடாதீர்கள்.

இழுத்த நிலையிலேயே நிழலில் ஓர் இரவு காயட்டும். ஈரத்தோடு சுருட்டினால் பூஞ்சை பிடிக்கும்.

'கிளிக் கிளிக்' கேட்டுப் பதறுவது

சில பெல்ட்களைக் கடைசிவரை இழுத்தால், குழந்தை இருக்கையை இறுக்கிக் கட்டுவதற்கான பூட்டு முறைக்கு மாறிவிடும். 'கிளிக் கிளிக்' சத்தத்தோடு உள்ளே மட்டும் போகும், வெளியே வராது. உடைந்துவிடவில்லை. முழுதும் உள்ளே விட்டால் பழைய நிலைக்குத் திரும்பும்.

கழற்றிய ரிட்ராக்டரை மேசையில் படுக்கவைத்து இழுப்பது

சாய்த்தால் பூட்டுவதுதான் அதன் வேலை. காரில் இருந்த அதே கோணத்தில் பிடித்துச் சோதியுங்கள்.

ஸ்பிரிங் மூடி

திறக்காதீர்கள்.

ப்ரீடென்ஷனரை அலட்சியப்படுத்துவது

மோதும் கணத்தில் பட்டையைச் சட்டென்று இறுக்கும் பாகம்தான் ப்ரீடென்ஷனர். ரிட்ராக்டரில் மின்இணைப்பு இருந்தால், உள்ளே வெடிமருந்து இருக்கலாம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பேட்டரியைக் கழற்றி, காரின் சர்வீஸ் கையேடு சொல்லும் நேரம் காத்திருந்த பிறகே இணைப்பைத் தொட வேண்டும். அந்த முனைகளில் மல்ட்டிமீட்டர் வைத்து ஓம் (மின்தடை) பார்க்கவே கூடாது. மீட்டரின் சிறு மின்னோட்டமே அதை வெடிக்க வைத்துவிடலாம்.

வாஷர் வரிசை மாறுவது

வளையத்தின் போல்ட்டைக் கழற்றும் முன் ஒரு படம் எடுத்துவையுங்கள். ஸ்பேசர் (இடைவெளி விடும் வளையம்), அலை வாஷர் (நெளிந்த வாஷர்) இடம் மாறினால் போல்ட்டை இறுக்கியதும் வளையம் சுழலாமல் நிற்கும், பட்டை ஓரமாக மடங்கும், பழைய புகாரே திரும்ப வரும். போல்ட் அதே போல்ட்டாக இருக்கட்டும். அதே தடிமனில் கடையில் கிடைத்த சாதாரண போல்ட் ஆகாது. இறுக்கும் டார்க் (முறுக்கு விசை) அளவைக் கையேட்டில் பாருங்கள்.

விபத்தில் பட்ட பெல்ட், ஓரம் பிய்ந்த பெல்ட்

மாற்றுங்கள். பழைய வண்டியிலிருந்து பிரித்தெடுத்தது வேண்டாம். அது எந்த மோதலைத் தாங்கியது என்று யாருக்கும் தெரியாது.

சுருண்டதோடு நிறுத்திக்கொள்வது

வேலை முடிந்ததும் பட்டையை வெடுக்கென்று இழுத்துப் பாருங்கள், பூட்ட வேண்டும். பிறகு ஆளில்லாத சமதளத்தில் மெதுவாக ஓட்டி, பெல்ட் போட்டுக்கொண்டு, அழுத்தி பிரேக் அடித்து முன்னே சாயுங்கள். பிடிக்கவில்லையென்றால், எவ்வளவு வேகமாகச் சுருண்டாலும் அந்தப் பெல்ட்டோடு சாலைக்குப் போகக் கூடாது.