புது போன் வாங்கும்போதெல்லாம் புது ஜிமெயிலா?

மேற்கு மாம்பலத்தில் சின்னதாக ஒரு பிரவுசிங் சென்டர் நடத்துகிறேன். ஜெராக்ஸ், பிரிண்ட் அவுட், ஆன்லைன் அப்ளிகேஷன், கரண்ட் பில் என்று வருகிறவர்களில் பாதிப் பேர் கிளம்பும் நேரத்தில் போனை நீட்டுவார்கள், "தம்பி, இதுல என்னவோ கேட்குது, கொஞ்சம் பாரேன்" என்று. ஓடிபி-யை யாரிடமும் சொல்லாதீர்கள், பாஸ்வேர்டாக 1234 வைக்காதீர்கள் என்பதையெல்லாம் நான் இங்கே எழுதவில்லை, அதைக் கேட்டுக் கேட்டு எல்லாருக்கும் மனப்பாடமே ஆகிவிட்டது. யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். போன மாதம் மட்டும் மூன்று பேர் ஒரே தவறோடு வந்தார்கள். நானும் செய்த தவறு அது.

ஒவ்வொரு போனுக்கும் ஒரு ஜிமெயில் ஐடி

கடையில் புது போன் வாங்குகிறோம். பில் போட்டதும் அங்கிருக்கும் பையன் டப்பாவைப் பிரித்து ஆன் செய்து, "மெயில் ஐடி இருக்கா?" என்று கேட்கிறான். நாம் "இருந்துச்சுப்பா, ஞாபகம் இல்லையே" என்கிறோம். "சரி, புதுசா ஒண்ணு போட்டுடறேன்" என்று இரண்டே நிமிடத்தில் பெயரோடு நாலு எண்களைச் சேர்த்து ஒரு ஐடி, வாய்க்கு வந்த பிறந்த தேதி, அவனுக்கு மட்டுமே தெரிந்த ஒரு பாஸ்வேர்ட், சில நேரம் ரெக்கவரி எண்ணாக (பாஸ்வேர்ட் மறந்தால் ஐடியை மீட்க ஓடிபி வரும் எண்) அவனுடைய போன் நம்பரையே போட்டு முடித்துவிடுவான். பின்னால் நாலு பேர் நிற்கிறார்கள், அவனுக்கு அவசரம். நமக்கும் போன் கைக்கு வந்தால் போதும். அந்த இரண்டு நிமிடத்தில் நம் வீட்டுச் சாவியை வேறு யாரிடமோ கொடுத்துவிட்டு வருகிறோம் என்பது அப்போது தெரிவதில்லை.

ஆண்ட்ராய்டு போனில் ஜிமெயில் ஐடி என்பது வெறும் மெயில் அனுப்புவதற்கு மட்டும் இல்லை. கான்டாக்ட்ஸ், கூகுள் போட்டோஸில் ஏறியிருக்கும் படங்கள், காசு கொடுத்து வாங்கிய ஆப்கள், வாட்ஸ்அப்பின் பேக்கப் எல்லாம் அந்த ஐடிக்குள்தான் இருக்கின்றன. ஐடி மாறினால் போன் காலி வீடு மாதிரி. பழைய சாமான் எங்கும் போகவில்லை, பழைய ஐடிக்குள் பத்திரமாகத்தான் இருக்கிறது, ஆனால் கதவைத் திறக்க நம்மிடம் ஒன்றும் இல்லை.

அயோத்தியா மண்டபம் பக்கத்திலிருந்து ஒரு அம்மா வந்தார். கணவர் இறந்து எட்டு மாதம். அவர் படங்கள் இருந்த போனை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டுப் புதிது வாங்கியிருக்கிறார், "எல்லாம் மெயில்ல இருக்கும்மா" என்று கடையில் சொன்னதை நம்பி. இருந்தது உண்மைதான், எந்த மெயிலில் என்பதுதான் தெரியவில்லை. ஆறு வருடத்தில் மூன்று போன், மூன்று ஐடி. போரூரில் இருக்கும் மகளின் இன்பாக்ஸில் தேடி, அம்மா எப்போதோ அனுப்பிய ஒரு மெயிலை வைத்து ஐடியைக் கண்டுபிடித்தோம். பாஸ்வேர்ட் கிடைக்கவில்லை, ரெக்கவரி எண் யாருடையது என்றே புரியவில்லை. பேரன் விளையாடிக்கொண்டிருந்த ஒரு பழைய டேப்லெட்டில் அந்த ஐடி இன்னும் லாக் இன் ஆகியிருந்ததால் படங்கள் வந்தன. அந்த டேப்லெட்டை யாராவது பழைய பேப்பர்காரரிடம் போட்டிருந்தால் கதையே வேறு.

எனக்கு டேப்லெட்டும் இல்லை. என் மகள் பிறந்த முதல் வருடத்துப் படங்கள் நான் அவசரத்தில் போட்ட ஒரு ஐடியில் இருக்கின்றன. ரெக்கவரி எண் என்னுடைய பழைய நம்பர், ரீசார்ஜ் செய்யாமல் விட்டுவிட்டேன். இந்தியாவில் இணைப்பு துண்டிக்கப்பட்ட எண்ணைக் குறைந்தது 90 நாட்கள் கழித்து வேறொருவருக்குக் கொடுக்கலாம், என் எண்ணும் அப்படித்தான் போயிருந்தது. அந்த நம்பருக்கே போன் செய்தேன், அம்பத்தூரில் ஒரு கல்லூரி மாணவர் எடுத்தார். நிலைமையைச் சொல்லி, வருகிற ஓடிபி-யைப் படித்துச் சொல்ல முடியுமா என்று கேட்டேன். மன்னிக்கணும் சார், தெரியாதவங்களுக்குச் சொல்ல மாட்டேன் என்றார். அவர் செய்ததுதான் சரி. அதற்குமேல் கேட்க எனக்கு வாய் வரவில்லை. படங்கள் போனது போனதுதான்.

அதனால்தான் கவுன்டரில் "புதுசா ஒண்ணு போட்டுடறேன்" என்பதைக் கேட்டாலே எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வருகிறது.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். கடைக்குப் போவதற்கு முந்தின நாளே பழைய போனில் செட்டிங்ஸ் போய், கூகுள் என்ற இடத்தில் எந்த ஐடி இருக்கிறது என்று பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். அப்புறம் வேறு ஒரு கம்ப்யூட்டரிலோ வீட்டில் இன்னொருவர் போனிலோ அந்த ஐடியைப் போட்டு ஒருமுறை லாக் இன் செய்து பாருங்கள், வேலை முடிந்ததும் மறக்காமல் லாக் அவுட். பாஸ்வேர்ட் ஞாபகம் இருக்கிறது என்று சொல்பவர்களில் பலர் இந்த இடத்தில்தான் நிற்கிறார்கள், ஆனால் பழைய போன் கையில் இருக்கும்போது மாட்டிக்கொண்டால் சரி செய்துவிடலாம். ரெக்கவரி எண், ரெக்கவரி மெயில் இரண்டும் இப்போது பயன்பாட்டில் இருப்பவைதானா என்று பாருங்கள். பாஸ்வேர்டுக்கு மேல் இன்னொரு சரிபார்ப்பும் கேட்கும் இரண்டடுக்குப் பாதுகாப்பு போட்டிருந்தால், போன் கையில் இல்லாத நேரத்தில் உள்ளே போக கூகுள் 10 பேக்கப் கோடுகள் தரும், ஒவ்வொன்றும் 8 இலக்கம், ஒருமுறைதான் செல்லும். அதை பிரிண்ட் எடுத்து ரேஷன் கார்டு இருக்கும் ஃபைலில் வையுங்கள், போனுக்குள்ளேயே போட்டோவாக வைத்து என்ன பயன்?

கடையில் ஒரே வரி: "புது ஐடி வேண்டாம், இதையே போடுங்க." பாஸ்வேர்டை நீங்களே தட்டுங்கள்.

ஏற்கெனவே ஐடி தொலைந்துவிட்டதா? முன்பு வழக்கமாகப் பயன்படுத்திய கருவியிலிருந்து, வீட்டு வைஃபையிலிருந்து ஐடியை மீட்க முயற்சி செய்யுங்கள். பழகிய கருவியா, பழகிய இடமா என்பதையும் கூகுள் பார்க்கிறது, என் சென்டரில் உட்கார்ந்து முயல்வதைவிட உங்கள் வீட்டில் வாய்ப்பு அதிகம். காசு கொடுத்தால் மீட்டுத் தருகிறேன் என்பவர்களிடம் போகாதீர்கள். இன்னொன்று, இரண்டு வருடம் யாரும் தொடாத தனிநபர் கணக்குகளை கூகுள் நீக்கலாம், 2023 டிசம்பரிலிருந்து இது நடைமுறையில் இருக்கிறது. பாஸ்வேர்ட் தெரிந்த பழைய ஐடி ஏதாவது இருந்தால் இன்றைக்கே ஒருமுறை உள்ளே போய்விட்டு வாருங்கள். நான் அடிக்கடி பார்க்கும் மற்ற தவறுகளையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

ஐடியை எடுக்காமல் போனை விற்பது

லாக் மறந்துபோய் பட்டன்களை அழுத்தி ரீசெட் செய்தால், முன்பு இருந்த கூகுள் ஐடியைப் போட்டால்தான் போன் திறக்கும். 2015-இல் ஆண்ட்ராய்டு 5.1-இல் வந்த திருட்டுத் தடுப்பு இது, நல்ல ஏற்பாடுதான். ஆனால் கடைப் பையன் போட்ட ஐடி என்றால் நம் போனுக்கு நாமே திருடன் ஆகிவிடுகிறோம். விற்பதாக இருந்தால் முதலில் செட்டிங்ஸில் ஐடியை நீக்குங்கள், பிறகு ரீசெட்.

இடம் இல்லை என்று கூகுள் போட்டோஸில் டெலிட் செய்வது

பேக்கப் ஆன படத்தை அங்கே அழித்தால் போனிலும் போகும், கூகுள் கணக்கிலிருந்தும் போகும். "ஃப்ரீ அப் ஸ்பேஸ்" வேறு, டெலிட் வேறு; முன்னது பேக்கப் ஆன படத்தைப் போனிலிருந்து மட்டும்தான் எடுக்கும். தெரியாமல் அழித்திருந்தால் 60 நாட்கள் வரை ட்ராஷில் இருக்கும், ஓடிப்போய்ப் பாருங்கள்.

15 ஜிபி நிரம்பியதைக் கவனிக்காமல் விடுவது

மெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்துத்தான் அந்த 15. நிரம்பிவிட்டால் மெயில் வராது. டி.என்.பி.எஸ்.சி.க்குக் கொடுத்த மெயில் என்றால் யோசித்துக்கொள்ளுங்கள்.

கஸ்டமர் கேர் எண்ணை கூகுளில் தேடுவது

தேடினால் மோசடிக்காரர்கள் போட்ட போலி எண்ணும் வரலாம். பேங்க் எண் வேண்டுமென்றால் ஏடிஎம் கார்டின் பின்பக்கம் பாருங்கள். ஏமாந்து பணம் போயிருந்தால் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்குப் போன் செய்யுங்கள்.

பிரவுசிங் சென்டரில் வாட்ஸ்அப் வெப்

எழுந்திரிக்கும் முன் லாக் அவுட்.