வேலூர் வெயிலில் பழைய டெஸ்க்டாப்பை வேகப்படுத்துவது எப்படி?

2011, 2012 வாக்கில் அசெம்பிள் பண்ணி வாங்கின டெஸ்க்டாப் இன்னும் நிறைய வீடுகளில் மேஜைக்கடியில் உறுமிக்கொண்டுதான் இருக்கிறது. ஓவர்கிளாக் பண்ணினால், அதாவது பிராசசரை அதன் நிர்ணய வேகத்துக்கு மேல் ஓடவைத்தால், புதுசு மாதிரி ஓடுமா என்று கேட்பவர்களுக்கு: ஓரளவு ஓடும், ஆனால் அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முந்தைய வேலைகளை முடித்தாலே பலருக்கு அது தேவைப்படாது.

முதலில் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும். சிபியு-இசட் என்ற இலவச மென்பொருளைப் போட்டால் பிராசசர், மதர்போர்டு, ராம் மூன்றும் வந்துவிடும். இன்டெல் என்றால் பெயரின் கடைசி எழுத்தைப் பாருங்கள். ஐ5-2500கே மாதிரி 'கே' இருந்தால் வேகத்தை ஏற்றலாம், வெறும் ஐ5-2400 என்றால் பெரிதாக ஒன்றும் நடக்காது. 'கே' மட்டும் போதாது, போர்டும் பி67, இசட்68, இசட்77 வகையாக இருக்க வேண்டும். நம் ஊர்களில் அதிகம் விற்ற எச்61 போர்டில் ஓவர்கிளாக் ஆசையை விட்டுவிட்டு அடுத்த மூன்று வேலைகளை மட்டும் செய்யுங்கள்.

சரி, இப்போது ஸ்க்ரூடிரைவர். சுவிட்சை அணைத்து, பவர் கார்டைப் பிடுங்கி, கேபினட்டின் உலோகத்தை ஒருமுறை தொட்டுவிட்டு ஆரம்பியுங்கள். புளோயரால் தூசி ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், கன்னாபின்னாவென்று சுற்றவிட்டால் பேரிங் போய்விடும். இன்டெல் பிராசசரோடு வரும், அதன் மேல் உட்காரும் கூலரில் நான்கு பிளாஸ்டிக் ஊசிகள் இருக்கும். ஒவ்வொன்றையும் அம்புக்குறி காட்டும் பக்கம் கால் வட்டம் திருப்பி மேலே இழுத்தால் கூலர் கழன்றுவிடும். அடியில் பிராசசரின் சூட்டைக் கூலருக்குக் கடத்தும் பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்புப் பொருக்கு மாதிரி இருந்தால் உங்கள் கம்ப்யூட்டர் ஏன் திணறுகிறது என்பதற்கு அங்கேயே பாதிப் பதில் கிடைத்தாயிற்று. ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் துணியை நனைத்துத் துடைத்து, புது தெர்மல் பேஸ்ட்டை நடுவில் ஒரு சின்னப் பொட்டாக மட்டும் வையுங்கள். நான்கு ஊசிகளையும் பழைய நிலைக்குத் திருப்பி வைத்து, குறுக்கு மூலைகளாக ஜோடி ஜோடியாக அழுத்துங்கள், 'க்ளிக்' சத்தம் நான்கு முறை கேட்க வேண்டும். மூன்று கேட்டால் ஒரு ஓரம் தூக்கிக்கொண்டு நிற்கிறது என்று அர்த்தம்.

அடுத்து எஸ்எஸ்டி, ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும் சுழலாத சேமிப்பு. இந்த மொத்த வேலையிலும் காசுக்கு அதிகப் பலன் தருவது இதுதான். எச்61 போர்டில் டிஸ்க்கை இணைக்கும் சாட்டாவின் வேகம் நொடிக்கு 3 கிகாபிட்தான், ஆனாலும் ஹார்ட் டிஸ்க்கில் ஒரு முள் ஓடி ஓடித் தேடும் வேலையே இல்லாமல் போவதால் வித்தியாசம் கண்ணுக்கு நன்றாகத் தெரியும். பயாஸில் (கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது டெலீட் பட்டனைத் தட்டினால் வரும் அமைப்புத் திரை) சாட்டா மோடு ஏஎச்சிஐ என்று இருக்கிறதா பார்த்துவிட்டு ஓஎஸ் போடுங்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது, இந்தப் பழைய பிராசசர்கள் விண்டோஸ் 11 பட்டியலிலும் இல்லை, அதனால் லினக்ஸ் மின்ட் என்ற இலவச ஓஎஸ் போட்டுப் பார்க்க இது நல்ல நேரம்.

ராமை 8 ஜிபி ஆக்குங்கள். இந்தப் போர்டுகளுக்கான டிடிஆர்3 ராம் இப்போது பெரும்பாலும் செகண்ட்ஹேண்டில்தான் கிடைக்கும், காட்பாடியில் ரயிலேறி சென்னை ரிச்சி தெரு போனால் கிடைக்கலாம். மலிவாக வரும் சில 8 ஜிபி ஸ்டிக்குகள் ஏஎம்டி போர்டில் மட்டுமே ஓடும், இன்டெல்லில் ஓடுமா என்று கேட்டு வாங்குங்கள்.

இப்போது ஓவர்கிளாக். கூலர் ஃபேன் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அறைக் காற்றைவிடக் கீழே பிராசசரைக் குளிர்விக்க முடியாது. மார்கழியில் அறை 25 டிகிரி, கத்திரி வெயிலில் 40 என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த 15 டிகிரி அப்படியே பிராசசரின் தலையில் ஏறும். மார்கழியில் 75 காட்டி ஜம்மென்று ஓடியது மே மாதம் 90-ஐத் தொடும். வெளிநாட்டு வீடியோவில் ஏசி அறையில் உட்கார்ந்துகொண்டு சொல்லும் கணக்கை இங்கே அப்படியே போடாதீர்கள். இன்டெல்லோடு வந்த சின்ன கூலரை வைத்துக்கொண்டு இதில் இறங்கவே வேண்டாம், உயரமான, பெரிய டவர் கூலர் ஒன்று வாங்குங்கள். பெயர் தெரியாத எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை பெட்டி) இருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள்.

டெலீட் பட்டனைத் தட்டி பயாஸுக்குள் போங்கள். 2500கே-யின் அடிப்படை வேகம் 3.3 கிகாஹெர்ட்ஸ், அதாவது 100 மெகாஹெர்ட்ஸ் பெருக்கல் 33. அந்த 100-ஐத் தொடாதீர்கள், அதை ஏற்றினால் சாட்டா உட்பட மற்றதெல்லாம் தடுமாறும். மல்டிபிளையரை, அதாவது அந்த 33-ஐ, மட்டும் 38 ஆக்கி, சேமித்து, பிராசசரை முழு வேலை வாங்கும் பிரைம்95 என்ற சோதனை மென்பொருளை அரை மணி நேரம் ஓடவிட்டு, பக்கத்தில் எச்டபிள்யுமானிட்டர் என்ற மென்பொருளில் சூட்டைக் கவனியுங்கள். ஹேங் ஆகாமல் தாக்குப்பிடித்தால் 39, அப்புறம் 40. வோல்டேஜைக் கடைசிவரை சும்மா விடுங்கள். சூடு அதன் வர்க்கத்தில் ஏறும், 1.20 வோல்ட்டிலிருந்து 1.35-க்குப் போனால் அதே வேகத்திலேயே சூடு கால் பங்குக்கு மேல் கூடிவிடும். சோதனையில் 80-ஐத் தாண்டினால் ஒரு படி இறங்குங்கள், மார்கழியில் சோதிப்பவர்கள் அந்த 15 டிகிரியைக் கழித்து 65-லேயே நிறுத்திக்கொள்வது நல்லது. என் கணக்கில் நம் ஊருக்கு 4.0 போதும். 4.5 என்று பெருமை பேசலாம், ஆனால் மே மாதம் மதியம் மூன்று மணிக்கு அது ஹேங் ஆகி நிற்கும்.

திரையே வரவில்லை என்றால் பதற வேண்டாம். பவர் கார்டைப் பிடுங்கிவிட்டு, போர்டில் இருக்கும், பயாஸ் அமைப்பை நினைவில் வைக்கும் வட்டமான சிமோஸ் பேட்டரியைக் கழற்றி, சில நிமிடம் கழித்து மாட்டினால் எல்லாம் பழைய அமைப்புக்கு வந்துவிடும். கழற்றியதுதான் கழற்றினீர்கள், சிஆர்2032 என்று கேட்டுப் புதுசாகவே ஒன்று போட்டுவிடுங்கள், பழசு எப்படியும் சாகும் தறுவாயில்தான் இருக்கும்.