காரைக்குடிப் பக்கம் லாரி வேலை தேடுவோர் கேட்டறிய வேண்டியவை

காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்தில் லாரி ஓட்டப் போகிறவர், சம்பளத்தைப் பேசும் முன், எந்த லோடு, எத்தனை இரவு வெளியே, பேட்டா (தினப்படி) யார் கணக்கில் என்பதைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஜல்லி, எம்-சாண்ட் ஏற்றும் டிப்பரில் பெரும்பாலும் இரவு வீடு திரும்பிவிடலாம். ஆனால் நடையை (டிரிப்பை) கூட்டும் அவசரத்தில் அதிகபாரம் ஏற்றச் சொன்னால் மறுத்துவிடுங்கள். தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல் ஏற்றுவது பொறுமைசாலிக்கான வேலை. கையால் செய்த அந்தக் கற்களின் விளிம்பு ஒரு வேகத்தடையில் வண்டி குதித்தாலே உடையக்கூடும் என்பதால், அடுக்கும்போது கூடவே நின்று பார்ப்பதோடு, சேதத்தை யார் ஏற்பது என்பதையும் வண்டி கிளம்பும் முன்பே பேசி முடித்துக்கொள்ள வேண்டும்.

வெளிமாநிலங்களுக்கும் போகும் நேஷனல் பெர்மிட் வண்டியில், திரும்பு லோடுக்காகக் காத்துக் கிடக்கும் நாள்களுக்கும் பேட்டா உண்டா என்பதே முதல் கேள்வி.

எரிவாயு, பெட்ரோல் டேங்கருக்குக் கனரக உரிமம் மட்டும் போதாது; அபாயகரமான பொருள்களைக் கொண்டுசெல்வதற்கான 3 நாள் பயிற்சியை முடித்து, அதை உரிமத்தில் பதிந்திருக்க வேண்டும். கெடுபிடி அதிகம் என்று சிலர் ஒதுக்கினாலும், ஒழுங்கான நடைமுறையை விரும்பும் குடும்பஸ்தருக்கு நான் முதலில் சொல்வது இந்த வேலையைத்தான்.

எதில் சேர்ந்தாலும், சாவியை வாங்கும் முன் வண்டியின் எஃப்.சி. (தகுதிச் சான்று), இன்சூரன்ஸ் தேதிகளை நேரில் பார்த்துவிடுங்கள்.