தத்துவ வகுப்பின் முதல் வாரம்: புதிய மாணவர்களை அறிய ஒரு கேள்வி

முதலாம் ஆண்டு மாணவர்களை வரிசையாக எழுப்பி நிறுத்தி, "பெயர், ஊர், பன்னிரண்டாம் வகுப்பில் எத்தனை மதிப்பெண்?" என்று கேட்பது நம் கல்லூரிகளில் ஊறிப்போன வழக்கம். ஐம்பது பேர் சொல்லி முடிப்பதற்குள் மணி அடித்துவிடும்; ஒருவரும் நினைவில் நிற்கமாட்டார்கள். தத்துவ ஆசிரியருக்கு வேறு வழி உண்டு. ஒருவர் எதை நம்புகிறார் என்பதோடு நிறுத்தாமல், ஏன் நம்புகிறார் என்றும் கேட்டால் ஆள் பிடிபடுவார். புதிதாகப் பாடம் எடுக்க வருபவர்களுக்காக அந்த வழியைச் சொல்கிறேன்.

படி 1: சில கேள்விகளைத் தள்ளிவையுங்கள்

"ஏன் தத்துவம் எடுத்தீர்கள்?" என்று முதல் நாளே கேட்காதீர்கள். விரும்பிய பாடத்தில் இடம் கிடைக்காமல் வந்தவர்களும் இருப்பார்கள். அவர்களைப் பொய் சொல்ல வைப்பானேன்? அப்பாவின் தொழில், சாதியைத் துருவும் கேள்வி எதுவும் எந்நாளும் வேண்டாம். கடவுள் உண்டா இல்லையா என்பதும் இப்போதைக்கு வேண்டாம். வகுப்பு இரண்டு கட்சியாகிவிடும். பிறகு யாரும் கட்சி மாறமாட்டார்கள்.

படி 2: பலகையில் எழுதுங்கள்

"உங்கள் பிறந்தநாள் உங்களுக்கு எப்படித் தெரியும்?"

சிரிப்பார்கள், சிரிக்கட்டும். அரைத் தாளில் தம் பெயர், எப்படி அழைத்தால் பிடிக்கும் என்பது, நாலைந்து வரியில் பதில் ஆகியவற்றை எழுதச் சொல்லுங்கள். பத்து நிமிடம் போதும். தமிழிலும் எழுதலாம் என்று வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் பாதிப் பேர் ஆங்கிலத்தோடு மல்லாடிக்கொண்டிருப்பார்கள்.

படி 3: தாளை மாற்றிக்கொள்ளட்டும்

பக்கத்தில் இருப்பவரின் தாளைப் படித்து, "அதை ஏன் நம்புகிறீர்கள்?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும். பிறகு அவரை வகுப்புக்கு அறிமுகப்படுத்த வேண்டும்.

இங்கேதான் சுவை. ஒருவருக்கு அம்மாவின் சொல், இன்னொருவருக்குப் பிறப்புச் சான்றிதழ், மற்றொருவருக்கு ஜாதகம். "கோயில் கொடைக்கு மறுநாள் என்று பாட்டி சொல்வார்" என்பார் ஒருவர். "சான்றிதழில் இருப்பது பள்ளியில் சேர்க்கும்போது போட்ட தேதி, உண்மையான நாள் வேறு" என்று ஒருவர் சொன்னால் வகுப்பே நிமிர்ந்து உட்காரும். சான்றிதழ்க்காரரை விடாதீர்கள்: அதை எழுதிய அலுவலருக்கு யார் சொன்னார்கள்?

படி 4: பாடத்தோடு இணையுங்கள்

காண்டல் (நேரில் கண்டறிவது), கருதல் (அனுமானித்து அறிவது), உரை (நம்பத்தக்கவர் சொல்லால் அறிவது) என்னும் மூன்று அளவைகளை, அதாவது அறியும் வழிகளை, இப்போது பலகையில் எழுதுங்கள். பிறந்தபோது நாம் அங்கேதான் இருந்தோம். ஆனாலும் காண்டல் நமக்கு உதவவில்லை. கிடைத்த பதில்களை மூன்றில் எதில் சேர்ப்பது என்று அவர்களே வாதாடட்டும். ஜாதகத்தை எங்கே வைப்பது என்பதில் நிச்சயம் சண்டை வரும், அவசரப்பட்டுத் தீர்த்துவைக்காதீர்கள்.

இந்தக் கேள்வியின் வேர் மணிமேகலையின் 27ஆம் காதையில் இருக்கிறது. வஞ்சி மாநகரில் சமயவாதிகள் ஒவ்வொருவரிடமும் மணிமேகலை கேட்டுவருகிறாள். கண்ணால் காண்பதை மட்டுமே ஏற்கும் பூதவாதியை, உன் தாய் தந்தையரை அனுமானத்தால் அல்லாமல் எப்படி அறிவாய் என்று மடக்குகிறாள். பெற்றோரை இழந்தவர்கள் வகுப்பில் இருக்கக்கூடும் என்பதால் நான் பிறந்தநாளுக்கு மாற்றிக்கொண்டேன்.

படி 5: தாள்களைப் படியுங்கள்

அன்று இரவே படித்துவிடுங்கள். பெரியவர் சொல்லை ஏற்பவர், ஆவணம் தேடுபவர், எதையும் சந்தேகிப்பவர், கேள்வியை விட்டுவிட்டுக் கதை சொல்பவர் என்று முகங்கள் தெரியத் தொடங்கும். இது முதல் குறிப்புத்தான். யாருக்கும் முத்திரை குத்திவிடாதீர்கள்.

அடுத்த வகுப்பில் அவரவர் வாதத்தோடு பெயர் சொல்லி அழையுங்கள். பிளேட்டோவின் 'குடியரசு' 2ஆம் புத்தகத்தில் வரும், அணிந்தவரை மறைக்கும் மோதிரத்தைப் பற்றிப் பேசும்போது, "சான்றிதழ் கேட்டீர்களே, யாரும் பார்க்காத இடத்தில் நீங்கள் நேர்மையாக இருப்பீர்கள் என்பதற்கு என்ன சான்று?" என்று கேட்கலாம்.

படி 6: வாய் திறக்காதவர்கள்

எழுப்பி நிறுத்தாதீர்கள். அவர்களுடைய தாளின் ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்வி எழுதித் திருப்பிக் கொடுங்கள். பதிலையும் எழுதியே தரலாம் என்று சொல்லுங்கள். மதிப்பெண் மட்டும் போடாதீர்கள்.