அடுத்து எந்த கேம்? ஓபன் வேர்ல்டுக்கும் கதை கேமுக்கும் புதிதாக வருகிறவர்களுக்கு

பெரிய ஓபன் வேர்ல்ட் கேம் ஒன்றை இரவு முழுக்க டவுன்லோட் பண்ணி, முதல் ஊரைத் தாண்டுவதற்குள் அலுத்துப்போய், அடுத்ததைத் தேடுகிறவர்கள் நம்மிடையே நிறைய. பெரும்பாலும் கேமில் குறை இருக்காது. ‘கட்டாயம் விளையாட வேண்டிய பத்து’ என்று யாரோ போட்ட வீடியோவைப் பார்த்து எடுத்ததில்தான் கோளாறு. அந்த ஆளுக்கு உங்கள் லேப்டொப் எது என்று தெரியாது. வேலை முடிந்து காலி வீதி நெரிசலில் வெள்ளவத்தைக்கு வந்துசேர எத்தனை மணியாகும், வீட்டு இணையத்தில் மாதம் எத்தனை ஜிபி என்பதும் தெரியாது. தேர்வை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

படி 1: ஊர் சுற்றவா, கதை கேட்கவா?

இரண்டையும் ஒரே வகை என்று நினைத்துக்கொண்டுதான் பலரும் ஏமாறுகிறார்கள். ஓபன் வேர்ல்ட் என்றால் வரைபடம் திறந்து கிடக்கும், எந்தத் திசையிலும் போகலாம், எதை முதலில் செய்வது என்பது உங்கள் விருப்பம். கதை கேமில் அந்த ஒழுங்கு கதை எழுதியவர் கையில் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துத் தருகிற கேம்களும் உண்டு. ஆனால் அவற்றில் ஒன்று மற்றதை இழுத்துக்கொண்டே இருக்கும்.

2015 இல் வந்த ‘தி விட்சர் 3’ நல்ல உதாரணம். கதாநாயகன் கெரால்ட் தன் மகளைப் போல வளர்த்த சிரியை ஒரு பயங்கரக் கூட்டம் துரத்துகிறது. அவளைத் தேடிப் போக வேண்டியவர், சத்திரத்தில் உட்கார்ந்து மணிக்கணக்கில் ‘க்வெண்ட்’ சீட்டு விளையாடலாம். கேம் ஒரு வார்த்தை கேட்காது. சிலருக்கு இந்தச் சுதந்திரமே சுகம். வேறு சிலருக்கு அந்த இடத்திலேயே கதையின் பதற்றம் வடிந்துவிடும். ‘தி லாஸ்ட் ஒஃப் அஸ்’ இதற்கு நேர்மாறு. அதில் அலைய இடமே இல்லை. கதை உங்களைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், சுமார் 15 மணித்தியாலத்தில் முடித்துவிடும்.

நீங்கள் எந்த ரகம் என்று கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. ‘ஜிடிஏ சான் அன்ட்ரியாஸ்’ ஞாபகமிருக்கிறதா? 2004 கேம். அதில் மிஷன் பக்கமே போகாமல், சீட் கோட் அடித்து, காரையும் விமானத்தையும் எடுத்துக்கொண்டு சுற்றிய ஆளா நீங்கள்? அப்படியானால் ‘அசாசின்ஸ் கிரீட் ஒடிசி’ போல வரைபடம் பரந்து கிடக்கிற கேமைப் பாருங்கள். பண்டைய கிரேக்கத்தில் கப்பலேறித் தீவு தீவாகப் போகலாம். நிண்டெண்டோ ஸ்விட்ச் இருந்தால் ‘பிரெத் ஒஃப் த வைல்ட்’, வேறு யோசனையே வேண்டாம். இல்லை, மிஷன்களை ஒன்று விடாமல் செய்து, அடுத்து என்ன நடக்கும் என்று தவித்தவரா? உங்களுக்கு ‘தி லாஸ்ட் ஒஃப் அஸ்’, ‘டிட்ரோயிட்: பிகம் ஹியூமன்’, ‘லைஃப் இஸ் ஸ்ட்ரேஞ்ச்’. இரண்டும் வேண்டும் என்கிறவர்களுக்கு ‘ரெட் டெட் ரிடெம்ஷன் 2’, ‘விட்சர் 3’, ‘கோஸ்ட் ஒஃப் சுஷிமா’ இருக்கின்றன. இந்த மூன்றில் முதன்முதலாகத் தொடங்குகிறவருக்கு நான் சுஷிமாவைத்தான் கையில் கொடுப்பேன். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

படி 2: உங்கள் இயந்திரம் என்ன சொல்கிறது?

விண்டோஸ் கணினியில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபோமன்ஸ் பகுதிக்குப் போனால் ரேம் எவ்வளவு, கிராபிக்ஸ் எது என்று தெரியும். இரண்டையும் குறித்துக்கொண்டு, கணினி கேம்களை இணையத்தில் விற்கும் ஸ்டீம் கடையில், அந்தக் கேமின் பக்கத்தின் அடியில் இருக்கும் குறைந்தபட்சத் தேவையோடு ஒப்பிடுங்கள்.

உதாரணத்துக்குச் சில. ‘ரெட் டெட் 2’ க்கு 8 ஜிபி ரேமும் ஜிடிஎக்ஸ் 770 தரத்தில் ஒரு கிராபிக்ஸ் கார்டும் வேண்டும், இடம் மட்டும் 150 ஜிபி. ‘எல்டன் ரிங்’ 12 ஜிபி ரேம் கேட்கிறது. ‘சைபர்பங்க் 2077’ இப்போது எஸ்எஸ்டி என்கிற வேகமான சேமிப்பகம் கட்டாயம் என்கிறது, பழைய ஹார்ட் டிஸ்க்கில் போட்டால் அவதிதான். கிராபிக்ஸ் என்ற இடத்தில் இன்டெல் யூஎச்டி மட்டும் தெரிந்தால், அதாவது தனி கிராபிக்ஸ் கார்டு இல்லை என்றால், இந்தப் பெரிய பெயர்களை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். அதற்காகக் கவலைப்படத் தேவையில்லை. ‘எ ஷோர்ட் ஹைக்’ என்று ஒரு குட்டி ஓபன் வேர்ல்ட் இருக்கிறது. ஒரு சின்னப் பறவை ஒரு மலையேறுகிறது, அவ்வளவுதான் விஷயம். ஒரே மாலையில் முடிந்துவிடும். ஆனால் இந்த வகை கேமின் சுகம் என்னவென்று அதைவிடச் சுருக்கமாகச் சொன்ன இன்னொன்றை நான் பார்க்கவில்லை. ஆங்கில வாசிப்பில் பிரியம் இருந்தால் ‘டிஸ்கோ எலிசியம்’. அதில் சண்டை கிடையாது, பேச்சும் வாசிப்பும்தான் விளையாட்டு.

‘மினிமம்’ என்று போட்டிருப்பதைச் சரியாகப் புரிந்துகொள்ளுங்கள். அது ஓடும் என்பதற்குத்தான் உத்தரவாதம், ரசிக்கலாம் என்பதற்கு அல்ல. அதிலும் கொழும்பு வெக்கையில், ஏசி இல்லாத அறையில், லேப்டொப்பை மெத்தையில் வைத்து விளையாடினால் அது சூடேறித் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மேசையில் வையுங்கள். பின்பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்தி வையுங்கள்.

புதிதாகக் கணினி எடுக்கப் பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவுக்குப் போகிறவர்கள், ‘கேமிங் லேப்டொப் வேணும்’ என்று மட்டும் சொல்லி நிற்காமல் கேமின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். ‘அண்ணா, இதுல ரெட் டெட் 2 மீடியம் செட்டிங்ல ஓடுமா?’ என்று கேட்டால் பேச்சு நேராக விஷயத்துக்கு வரும். விலையும்.

பிளேஸ்டேஷன்காரர்களுக்குப் பாவித்த டிஸ்க் லாபம். விளையாடி முடித்து விற்கலாம், மாற்றலாம். ஆனால் இங்கே பலர் வேறொரு நாட்டின் பெயரில் கணக்கு வைத்திருப்பார்கள். டிஸ்க் எந்த ரீஜன், அதாவது எந்த நாட்டுப் பகுதிக்கு வெளியிட்டது என்று பார்த்து வாங்குங்கள். கேம் எப்படியும் ஓடும், ஆனால் பிறகு வாங்கும் மேலதிக அத்தியாயங்கள் டிஸ்க்கின் ரீஜனோடு பொருந்தாவிட்டால் வேலை செய்யாது. பிளேஸ்டேஷன் 5 டிஜிட்டல் எடிஷனில் டிஸ்க் போடும் வசதி கூடவே வராது, புதிய மொடலுக்கு மட்டும் தனியாக வாங்கிப் பூட்டலாம் என்பதையும் வாங்கும் முன்பே நினைவில் வையுங்கள்.

படி 3: டேட்டாவும் டொலரும்

150 ஜிபி என்றால் என்ன? 20 எம்பிபிஎஸ் இணைப்பு ஒரு நொடியும் தளராமல் ஓடினாலும் கிட்டத்தட்ட 17 மணித்தியாலம். நேரத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். மாத டேட்டாவின் பெரும்பகுதியை ஒரே கேம் விழுங்கிவிட்டால், மறுநாள் அம்மா கனடாவிலிருக்கும் மாமாவோடு வீடியோவில் பேச முடியாமல் உங்களைத்தான் பார்ப்பார். உங்கள் பெக்கேஜில் இரவுக்கென்று தனி டேட்டா இருந்தால், டவுன்லோடை அந்த நேரத்துக்குத் தள்ளுங்கள். ஸ்டீம் செட்டிங்கில் டவுன்லோட் எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு நிற்க வேண்டும் என்று குறித்து வைக்கலாம். அதே கேம் நண்பரின் கணினியில் இருந்தால் இன்னும் நல்லது. இரண்டையும் ஒரே வைஃபையில் இணைத்தால், இணையத்தைத் தொடாமலே ஒன்றிலிருந்து மற்றதுக்கு மாற்றும் வசதி 2023 முதல் ஸ்டீமில் இருக்கிறது.

இலங்கைக் கணக்குக்கு ஸ்டீம் டொலரில்தான் விலை காட்டும். வங்கி தன் மாற்று விகிதத்தில் கணக்குப் போட்டு, கட்டணம் இருந்தால் அதையும் சேர்த்துத்தான் எடுக்கும். ஆகவே முழு விலைக்கு வாங்கவே வாங்காதீர்கள். ஜூன் கடைசியிலும் டிசம்பர் கடைசியிலும் வருகிற பெரிய சேல்களில் பழைய பெரிய கேம்கள் பாதிக்கும் கீழே இறங்கும். பிடித்ததை விஷ்லிஸ்டில் போட்டு வைத்தால் விலை இறங்கும்போது மின்னஞ்சல் வரும். எபிக் கடை வாரா வாரம் ஏதாவதொன்றை இலவசமாகத் தருகிறது. 2020 மே மாதத்தில் ‘ஜிடிஏ 5’ ஐயே சும்மா கொடுத்தார்கள்.

பொறுத்திருந்து வாங்குவதில் விலையைத் தாண்டியும் ஒரு லாபம் உண்டு. ‘சைபர்பங்க் 2077’ 2020 டிசம்பரில் வந்தபோது இருந்த நிலையைப் பார்த்து, சோனி தன் கடையிலிருந்தே அதைச் சில மாதங்கள் எடுத்து வைத்திருந்தது. 2023 செப்டெம்பரில் 2.0 அப்டேட் வந்த பிறகு அது வேறு கேம். அன்று அடித்துப் பிடித்து வாங்கியவரைவிட இன்று வாங்குகிறவர் கொடுத்து வைத்தவர்.

படி 4: மணிக்கணக்கு

‘ஹவ் லோங் டு பீட்’ என்ற தளத்தில் கேமின் பெயரைப் போட்டால், பிரதான கதைக்கு எவ்வளவு நேரம், எல்லாவற்றையும் துருவினால் எவ்வளவு என்று விளையாடியவர்கள் பதிந்த கணக்கு கிடைக்கும். ‘விட்சர் 3’, ‘ரெட் டெட் 2’ இரண்டுக்கும் கதை மட்டுமே சுமார் 50 மணித்தியாலம். வாரத்துக்கு 5 மணித்தியாலம்தான் கிடைக்கும் என்றால் 10 வாரம். சுஷிமா சுமார் 25. உங்களுக்குக் கிடைப்பது சனி இரவும் போயா விடுமுறையும் மட்டும் என்றால், அந்த 25 ஐயே பெரிதாக எடுத்துக்கொள்ளுங்கள். உயர்தரப் பரீட்சைக்கு இருக்கிற தம்பி தங்கச்சிமாருக்கு நான் சொல்ல எதுவுமில்லை, வீட்டில் சொல்வார்கள்.

படி 5: தொடரில் எதிலிருந்து?

எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ‘விட்சர் 3’ இல் நேரடியாக இறங்கலாம். ‘ரெட் டெட் 2’ இன் கதை 1899 இல் நடக்கிறது, முதலாம் பாகத்தின் கதை 1911 இல். அதாவது இரண்டாம் பாகத்தின் கதைதான் முந்தியது. ஜிடிஏ, அசாசின்ஸ் கிரீட் எதிலும் தொடங்கலாம். ‘லாஸ்ட் ஒஃப் அஸ்’, ‘ஹொரைசன்’ இரண்டையும் மட்டும் வரிசையாக விளையாடுங்கள்.

படி 6: இரண்டு மணி நேரச் சோதனை, அதன் ஓட்டையும்

வாங்கி 14 நாளுக்குள், 2 மணித்தியாலத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் ஸ்டீம் பணத்தைத் திருப்பித் தரும். கேம் இயந்திரத்தில் ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்க இது போதும். பிடிக்குமா என்று பார்க்கப் பல நேரம் போதாது. ‘ரெட் டெட் 2’ இன் முதல் அத்தியாயம் முழுக்கப் பனிமலையில் குதிரை நடை. வேண்டுமென்றே மெதுவாக வைத்திருக்கிறார்கள். அது முடிவதற்குள் உங்கள் 2 மணித்தியாலம் போயிருக்கும். பனி இறங்கி இரண்டாம் அத்தியாயத்தில் வலன்டைன் ஊருக்குள் நுழையும்போதுதான் கேம் உண்மையில் தொடங்குகிறது. ‘விட்சர் 3’ ஐயும் முதல் கிராமத்தை வைத்து எடை போடாதீர்கள். வேலன் பகுதியில் ‘பிளடி பெரன்’ என்கிற குடிகாரப் பிரபுவின் குடும்பக் கதை வரும். அதுவும் பிடிக்கவில்லை என்றால் தயங்காமல் மூடிவிடலாம்.

சுஷிமாவை முதலில் சொன்னதற்குக் காரணம் இதுதான். 1274 இல் மங்கோலியப் படை ஜப்பானியத் தீவில் வந்திறங்குகிறது, முதல் காட்சியிலேயே போர். வழி காட்ட வரைபட அம்பு கிடையாது, காற்று வீசுகிற பக்கம் போனால் போதும். புதியவர் தொலைந்து போகமாட்டார்.

பெரிய கேம்களை வாங்கும் முன் யூடியூபில் யாரும் பேசாத, வெறும் விளையாட்டு மட்டும் ஓடுகிற வீடியோவில் முதல் அரை மணித்தியாலத்தைப் பாருங்கள். அதற்கு மேல் பார்த்தால் கதை கெட்டுப்போகும்.

படி 7: தொடங்கிய பிறகு

செட்டிங்கில் சப்டைட்டிலைப் போட்டு எழுத்தைப் பெரிதாக்குங்கள். ‘ரெட் டெட் 2’ இன் கௌபோய்கள் பேசுகிற முணுமுணுப்பு ஆங்கிலம் யாருக்கும் எளிதல்ல. கதைக்காக வந்தவர் கடினத்தை ‘ஈஸி’யில் வைப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ‘எல்டன் ரிங்’ இல் அந்தத் தெரிவே கிடையாது, அதனால்தான் அதை எந்தப் பட்டியலிலும் நான் முதலில் போடவில்லை. வரைபடத்திலுள்ள எல்லாக் கேள்விக்குறியையும் துடைத்து முடிக்கக் கிளம்பாதீர்கள். அது மூன்றாம் நாளே அலுவலக வேலையாகிவிடும். போகிற வழியில் கண்ணில் பட்டதைச் செய்யுங்கள், மற்றதை விடுங்கள்.

ஒரு பெரிய ஓபன் வேர்ல்ட் முடிந்த கையோடு இன்னொன்றைத் தொடங்குவதும் வேண்டாம். நடுவில் சின்னதாக ஒன்றை வையுங்கள். ‘அன்சார்ட்டட்: தி லோஸ்ட் லெகசி’ மேற்குத் தொடர்ச்சி மலையில், ஹோய்சாளர் கோயில் இடிபாடுகளுக்குள் நடக்கிறது. அதில் ஒரேயோர் அத்தியாயம் மட்டும் திறந்த வெளி. அதைவிடவும் சின்னது வேண்டுமென்றால் 2023 இல் வந்த ‘வெண்பா’. கனடாவுக்குப் போன தமிழ்க் குடும்பம் ஒன்று, கிழிந்துபோன சமையல் புத்தகம், இட்லி, புட்டு. ஓபன் வேர்ல்டும் இல்லை, துப்பாக்கியும் இல்லை. 2024 இல் முதல் படைப்புக்கான பிரித்தானிய பாஃப்டா விருதை வாங்கியது. கேம் என்றாலே முகம் சுழிக்கிற அம்மாவையும் பக்கத்தில் உட்கார வைத்து விளையாடலாம். புட்டு அவிக்கிற இடத்தில் அவர் திருத்தம் சொல்லாமல் இருக்கமாட்டார்.