விமானப் பயண நேரம்: கணக்கு தவறுவது எங்கே?

சென்னையிலிருந்து துபாயும் சிங்கப்பூரும் ஏறக்குறைய ஒரே தூரம். ஒன்று மேற்கே, மற்றது கிழக்கே. இரண்டும் சுமார் 2,900 கிலோமீட்டர். இரண்டு விமானங்களும் காலை 10 மணிக்குப் புறப்பட்டு நாலேகால் மணி நேரத்தில் சேர்கின்றன என்று வைத்துக்கொள்வோம். டிக்கெட்டில் துபாய்க்காரருக்கு இறங்கும் நேரம் பகல் 12.45 என்றிருக்கும். சிங்கப்பூர் போகிறவருக்கு மாலை 4.45. இதைப் பார்த்துவிட்டு, "துபாய் பக்கம், சிங்கப்பூர் தொலைவு" என்று முடிவு கட்டுபவர்களைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊரின் கடிகார நேரம். துபாய் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால். சிங்கப்பூர் இரண்டரை மணி நேரம் முன்னால். இறங்கும் நேரத்தை முதலில் இந்திய நேரத்துக்கு மாற்றுங்கள், பிறகு கழியுங்கள். லண்டன் என்றால் இன்னும் கவனம் வேண்டும். மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை வித்தியாசம் நாலரை மணி நேரம். மற்ற மாதங்களில் ஐந்தரை.

இதைவிடப் பெரிய இழப்பைத் தருவது நள்ளிரவு விமானம். என் சித்தப்பாவின் டிக்கெட்டில் 15-ஆம் தேதி 00.40 என்றிருந்தது. அவர் 15-ஆம் தேதி இரவுச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு, பேத்திக்கான முறுக்கு டின்னைக் கயிறு போட்டுக் கட்டி எடுத்துக்கொண்டு விமான நிலையம் போனார். வாசலில் டிக்கெட்டை வாங்கிப் பார்த்த காவலர், "ஐயா, இது நேற்று இரவே போய்விட்டதே" என்றார். அந்த டின்னோடு அவர் திரும்பி வந்த காட்சி இன்னும் என் மனத்தை விட்டுப் போகவில்லை. 00.40 என்று கண்டால், முந்தைய நாள் தேதியில் "இன்று இரவு கிளம்ப வேண்டும்" என்று காலண்டரில் எழுதிவிடுங்கள்.

தூரத்தை வேகத்தால் வகுத்துப் பார்ப்பதும் ஏமாற்றும். 2,900 கிலோமீட்டரை 900-ஆல் வகுத்தால் மூன்றேகால் மணிகூட வராது. ஆனால் டிக்கெட்டில் உள்ள நேரம் ஒரு நிறுத்துமிடத்திலிருந்து இன்னொரு நிறுத்துமிடம் வரை. ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வது, ஏறுவது, இறங்குவது, வரிசையில் காத்திருப்பது எல்லாம் அதில் அடங்கும். தூரம் மைலில் இருந்தால் எந்த மைல் என்றும் பாருங்கள்: விமானத் துறையின் கடல் மைல் 1.852 கிலோமீட்டர், சாதாரண மைல் 1.609.

போகும் நேரமே திரும்பும் நேரம் என்றும் எண்ண வேண்டாம். லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் இடையே சுமார் 5,500 கிலோமீட்டர். மேற்கிலிருந்து வீசும் உயரக் காற்று முதுகில் தள்ளுவதால் லண்டன் நோக்கி வரும் விமானம், எதிர்த்திசையில் போவதைவிட ஏறத்தாழ ஒரு மணி நேரம் முன்பே சேர்ந்துவிடும். வான்வழி மூடப்பட்டால் கணக்கே வேறு. 2022-இல் ரஷ்ய வான்வெளி அடைக்கப்பட்ட பிறகு, சுமார் ஒன்பதரை மணி நேரமாக இருந்த ஹெல்சிங்கி–டோக்கியோ பயணம் ஏறக்குறைய 13 மணி நேரமானது. இரண்டு ஊர்களும் இருந்த இடத்தில்தான் இருக்கின்றன; பாதைதான் சுற்றிப் போகிறது. ஆகவே பழைய பயணத்தின் நினைவை நம்பாமல், போகும் தேதியின் அட்டவணையைப் பாருங்கள்.

அழைத்துவரப் போகிறவர்களுக்கு ஒன்று: டிக்கெட்டில் உள்ள நேரத்தில் விமானம்தான் வந்து சேரும். குடியேற்றச் சோதனையும் பெட்டிகளும் முடிந்து ஆள் வெளியே வர, பெரும்பாலும் இன்னொரு மணி நேரம் ஆகும்.