திருப்பணி நடக்கும் கோயிலுக்குப் போகிறவர்கள் கவனத்துக்கு

கனடாவிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு டிக்கெட் எடுக்குமுன் ஊர்க் கோயிலில் பாலஸ்தாபனம், அதாவது திருப்பணிக்காகச் சுவாமியைத் தற்காலிக இடத்துக்கு மாற்றும் சடங்கு, நடந்துவிட்டதா என்று கேளுங்கள். நடந்திருந்தால் கொடியேற்றமும் இல்லை, தேரும் இல்லை. கும்பாபிஷேகம் முடியும்வரை சுவாமி தற்காலிகக் கொட்டகையில்தான் இருப்பார். திருவிழாவை நம்பி விடுமுறை எடுத்தவர்கள் சீமெந்து மூட்டைகளைச் சுற்றிக் கும்பிட்டுவிட்டு வரவேண்டியதுதான்.

எப்போது முடியும் என்றால் "அடுத்த வைகாசி" என்பார்கள். எந்த வருடத்து வைகாசி என்று சொல்ல மாட்டார்கள். இந்திய அரசின் நிதியும் மாமல்லபுரத்துச் சிற்பிகளின் கையும் இருந்த மன்னார்த் திருக்கேதீச்சரத்திலேயே கருங்கல் திருப்பணி வருடக்கணக்காக இழுத்து, 2022 ஜூலை 6 அன்றுதான் கும்பாபிஷேகம் நடந்தது.

இனி உபயம், அதாவது திருப்பணிக்குக் கொடுக்கும் நன்கொடை. நான் போய் இறங்கிய மறுநாள் காலையே பரிபாலன சபையார் பற்றுச்சீட்டுப் புத்தகத்தோடு வாசலுக்கு வந்துவிட்டார்கள். கூட்டிக்கொண்டு வந்தவர் மாமா. இராஜகோபுரத்தின் இரண்டாம் தளத்தை என் பெயரில், என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், எழுதிக்கொடுத்திருக்கிறார். இரவு வேலை செய்து வீட்டுக்கடன் கட்டுகிறவன் நான் என்றேன். "பக்கத்து ஊர்க் கோபுரம் ஏழு தளம், தெரியுமா தம்பி?" என்றார் தலைவர். அதற்கு நான் என்ன பதில் சொல்வது?

மாமா பேசாமல் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஷெல் விழுந்த நாட்களிலும் அந்தக் கோயிலில் விளக்கு வைத்தவர். நான் அப்போது ஸ்காபரோவில் பனி தள்ளிக்கொண்டிருந்தேன். அதை அவர் ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. சொல்லிக்காட்டியிருந்தால் சண்டை பிடித்திருக்கலாம். கூச்சத்தோடு பேரம் பேசிப் பாதித் தொகையில் நிறுத்தினேன். மாமி நான் புறப்படும்வரை முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஆகவே தொகையை இங்கேயே முடிவுசெய்து சபைக்கு நேரே அறிவியுங்கள். உறவினர் வழியாகச் சொன்னால் போய்ச் சேருமுன் அது இரட்டித்துவிடும். பணத்தைக் கையில் கொடுக்காமல் சபையின் வங்கிக் கணக்கில் கட்டிப் பற்றுச்சீட்டு வாங்குங்கள். கல்லில் பெயர் வேண்டுமென்றால் ஆசாரி உளியை எடுக்குமுன் எழுத்தைச் சரிபாருங்கள்.

உபயம் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் எண்ணெய்க்காப்புக்கு ஊரில் நிற்கப் பாருங்கள். கும்பாபிஷேகத்துக்கு முன் வரும் அந்த நாளில் நாமே மூலமூர்த்தியைத் தொட்டு எண்ணெய் சாத்தலாம். வேறெந்த நாளிலும் அது கிடைக்காது. வரிசை வீதியைச் சுற்றி நீளும், வெயில் ஏறினால் மணலில் கால் வைக்க முடியாது. விடியுமுன் போங்கள். பட்டு வேட்டி வேண்டாம், எண்ணெய்க் கறை போகாது.